விண்ணில் ஓர் ஆய்வுகூடம்: ஸ்கைலாப் தந்த பட்டறிவு

ஆய்வுகூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மேசைகளும், கண்ணாடிக் குடுவைகளும், நுணுக்குக்காட்டிகளும், அவற்றின் மீது கவிந்திருக்கும் ஆய்வாளரின் முகமுமேயாகும். மாலையானதும் அவ்வாய்வாளர் கதவைப் பூட்டிவிட்டு வீடு செல்கிறார். அவர் காலையில் உண்ட உணவோ, இரவில் உறங்கிய நேரமோ, அவரது மனநிலையோ ஆய்வின் பகுதியாகக் கொள்ளப்படுவதில்லை. புவியைச் சுற்றிவரும் ஆய்வுகூடமொன்றில் வாழும் விஞ்ஞானிக்கு இவ்வசதி கிடையாது. ஆய்வு செய்பவர் அவரே. பழுதடைந்த கருவியைத் திருத்துபவரும் அவரே. அளக்கப்படும் ஆய்வுப்பொருளும் அவரே. இம்மூன்று நிலைகளும் ஒரு மனிதரிடத்தே வந்து கூடும்போது எழும் சிக்கல்களை விரிவாக வெளிக்கொணர்ந்தது, 1973ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா விண்ணில் நிறுவிய ஸ்கைலாப் என்னும் நிலையம். அங்கு ஒன்பது பேர், மூவர் மூவராக, மொத்தம் 171 நாள்கள் வாழ்ந்தனர். அவர்கள் கொண்டுவந்த அளவீடுகளை நூல்கள் பலவும் கூறும். அவ்வளவீடுகள் எத்தகைய உழைப்பினால், எத்தகைய மனக்கசப்புகளுக்கிடையே பெறப்பட்டன என்பதையே இக்கட்டுரையில் யாம் சிறப்பாக நோக்க விரும்புகின்றோம்.

விண்ணிற் சுற்றும் நிலையம் என்ற வகையில் ஸ்கைலாப் முதலாவதன்று. சோவியத் ஒன்றியம் 1971 ஏப்பிரலில் சல்யூட் 1 நிலையத்தை ஏவியது. அங்கு மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிப் பணியாற்றிய தொப்ரவோல்ஸ்கி, வோல்கொவ், பட்சாயெவ் ஆகிய மூவரும், யூன் 30ஆந் திகதி திரும்பி வருகையில், கலத்தின் காற்று வெளியேறியமையால் மாண்டனர். விண்வெளி வாழ்வின் முதல் நீண்ட பரிசோதனை இவ்வாறு துயரத்தில் முடிந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஏவப்பட்ட ஸ்கைலாப்பின் வரலாற்றைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். அங்கு உடல்நலம் பற்றிக் காட்டப்பட்ட மிகையான கவனத்துக்கு, மனித உடல் நீண்டகால நிறையின்மையைத் தாங்குமா என்பது அன்று திட்டமாகத் தெரிந்திராமையும் ஒரு காரணமாகும்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1965இல் முதன்முறையாக விஞ்ஞானிகளை விண்வீரர்களாகத் தேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவருள் ஒருவரான புவிச்சரிதவியலறிஞர் ஹரிசன் சிமித், 1972 டிசம்பரில் அப்பலோ 17இற் சென்று சந்திரனில் இறங்கினார். ஸ்கைலாப்புக்கு வேறு மூவர் சென்றனர். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர். முதற் குழுவிற் சென்ற ஜோசப் கேர்வின் ஒரு வைத்தியர். இரண்டாவது குழுவின் ஓவன் கரியற் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவர்; வளிமண்டலத்தின் மேலுள்ள அயன் மண்டலத்தை ஆராய்ந்தவர். மூன்றாவது குழுவின் எட்வேட் கிப்சன் சூரியனைப் பற்றி நூலெழுதிய பௌதிகவியலாளர். விண்ணுக்குச் செல்லும் வாய்ப்புக்காக இவர்கள் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் விமான ஓட்டிகளுக்கும் விஞ்ஞானிகளுக்குமிடையே நிலவிய தரவரிசையை இக்காத்திருப்பு ஒருவாறு உணர்த்தும்.

நிலையத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். சந்திரப் பயணங்களுக்கென ஆக்கப்பட்ட சற்றேண் 5 றொக்கற்றின் மூன்றாம் படியை எரிபொருள் இன்றி வெறுங்கூடாக எடுத்து, ஐதரசன் தாங்கியாக இருக்க வேண்டிய பெரிய அறையை இரு தட்டுள்ள வீடாக மாற்றினர். ஒட்சிசன் தாங்கியாக இருக்க வேண்டியது குப்பைத்தொட்டியாயிற்று. வீரர்கள் சென்ற அப்பலோ கலமும் இணைந்திருக்கையில் முழு நிலையமும் சுமார் 36 மீற்றர் நீளமும் 90 தொன் திணிவும் உடையது. வெளிப்புறத்தே சூரியனை நோக்கும் எட்டுக் கருவிகள் கொண்ட தொலைகாட்டித் தொகுதி ஒன்று இருந்தது. சுமார் 435 கிலோமீற்றர் உயரத்தில், 93 நிமிடங்களுக்கு ஒரு முறை அது புவியை வலம் வந்தது. அதன் பாதை மத்திய கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 50 பாகை அகலக்கோடுகள் வரை பரந்திருந்தமையால், இலங்கையும் அப்பாதைக்குக் கீழ்ப்பட்ட நாடுகளுள் ஒன்றாயிற்று.

ஈண்டு நிறையின்மை என்னுஞ் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டப்படுகின்றது. விண்வெளியிற் புவியீர்ப்பு எட்டாமையினாலேயே பொருள்கள் மிதக்கின்றன எனப் பலர் கருதுகின்றனர். இது பிழை. ஸ்கைலாப் சுற்றிய உயரத்தில் புவியீர்ப்பு, தரைமட்டத்தில் உள்ளதன் சுமார் 88 வீதமாக இருந்தது. கலமும் அதனுள் இருந்தனவும் ஒரே ஆர்முடுகலுடன் ஓயாது விழுந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கவாட்டு வேகம் பெரிதாகையால், அவை விழும் அளவுக்குப் புவிப்பரப்பும் வளைந்து விலகிக்கொண்டே இருந்தது. தாங்கி நிற்கும் தரை இன்மையால் நிறை உணரப்படவில்லை. திணிவோ சிறிதும் மாறவில்லை. நிறைக்கும் திணிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சைக்காக மனனம் செய்ய வேண்டிய ஒன்றாகவே மாணவப் பருவத்தில் நம்மிற் பலர் கொண்டிருந்தோம். விண்ணில் அது அன்றாட வாழ்வு. அங்கு ஒரு மனிதர் தராசில் ஏறித் தம்மை நிறுத்துக்கொள்ள முடியாது. ஆகவே விற்சுருள்களின் துணையால் அசையும் ஆசனமொன்றில் அவரை இறுகப் பிணைத்து, ஒரு பக்கம் இழுத்து விட்டனர். ஆசனம் முன்னும் பின்னும் அலையும். திணிவு கூடினால் அலைவுகாலம் நீளும், குறைந்தால் சுருங்கும். எளிய இசை இயக்கம் என்று வகுப்பறையிற் கற்ற அதே விதியே, உணவும் நீரும் உடலிலிருந்து எவ்வளவு கூடின, குறைந்தன என்பதை அறியும் வழியாயிற்று. இக்கருவியை ஆக்கியவர் வில்லியம் தோண்டன் என்னும் வைத்தியர். இவரும் விஞ்ஞானிகளுள் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட விண்வீரரே. ஸ்கைலாப்பிற் பறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லையாயினும், அவர் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

1973 மே 14ஆந் திகதி, ஆளின்றி ஏவப்பட்ட ஸ்கைலாப், புறப்பட்ட ஒரு நிமிடத்தின் பின்னர் தன் கேடயத்தை இழந்தது. விண்கற்றுகள்களிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கவென மேலே போர்த்தியிருந்த மெல்லிய உலோகத்தகடு காற்றின் விசையாற் பிய்த்தெறியப்பட்டது. அதனோடு மின் ஆக்கும் இரு சூரியச் சிறகுகளுள் ஒன்றும் போயிற்று. எஞ்சிய சிறகு, கேடயத்தின் அலுமினியப் பட்டி ஒன்று சிக்கிக்கொண்டதால் விரியவில்லை. நிலையத்தின் உள்ளே வெப்பநிலை 50 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியது. தரையிலிருந்த பொறியியலாளர் ஓர் இருதலைக் கொள்ளியில் அகப்பட்டனர். நிலையத்தின் நெடும்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டினால் தொலைகாட்டித் தொகுதியிலிருந்த சிறு மின்கலத் தட்டுகள் போதிய மின் தரும், ஆனால் உள்ளே வெந்துவிடும். சாய்த்து வைத்தால் வெப்பம் தணியும், மின் குறையும். உணவும், மருந்தும், படச்சுருள்களும் கெட்டுவிடுமோ என்ற அச்சம் வேறு. இரண்டையும் மாறி மாறிச் செய்து பத்து நாள்களைக் கடத்தினர்.

மே 25ஆந் திகதி சார்ள்ஸ் கொன்ராட், கேர்வின், போல் வைற்ஸ் ஆகியோர் சென்றனர். அவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று ஒரு குடை விரித்தமையாகும். கருவிகளை வெளியே நீட்டுவதற்கென அமைந்த சிறு துவாரத்தின் வழியே மடித்த துணிக்குடை ஒன்றைச் செலுத்தி, வெளியே விரியச் செய்தனர், வெப்பம் தணியலாயிற்று. குடை வந்து நின்றதால் அத்துவாரத்தின் வழியாகச் செய்யவிருந்த பரிசோதனைகள் சில இடமிழந்தன என்பதையும் கூறவேண்டும்.

சிறகை விடுவித்தல் இதனினுங் கடினம். யூன் 7ஆந் திகதி கொன்ராட்டும் கேர்வினும் வெளியே சென்று, பல துண்டுகளைப் பொருத்தி ஆக்கிய ஏழரை மீற்றர் நீளக் கம்பின் நுனியில் கத்தரியைக் கட்டி, அந்தப் பட்டியைக் கவ்வ முயன்றனர். தரையில் இது சில நிமிட வேலை. அங்கு, கம்பை ஒரு பக்கம் தள்ளினால் தள்ளியவர் மறுபக்கம் போனார். தாக்கத்துக்குச் சமனான மறுதாக்கம் உண்டென்ற நியூற்றனின் விதிக்குக் கால் ஊன்ற இடமில்லாத மனிதரைப் போல வேறு சான்று வேண்டுவதில்லை. நெடுநேரம் போராடிய பின்னர், கேர்வின் தம்மைப் பிணைத்திருந்த கயிற்றைக் குறுக்கி, உடலை நிலையத்தோடு அழுந்த நிறுத்திக்கொண்டார். கத்தரி பட்டியைக் கவ்வியது, பட்டி அறுந்தது, பின்னர் கயிற்றைத் தோளில் ஏந்தி இருவரும் நிமிர, உறைந்திருந்த மூட்டு விடுபட்டுச் சிறகு திறந்தது. அவ்வதிர்வில் இருவரும் வெளியே எறியப்பட்டனர். பிணைத்த கயிறுகளே அவர்களைத் திரும்ப இழுத்தன. ஆளில்லாக் கருவிகளே போதும், மனிதரை அனுப்புவது வீண்செலவு எனக் கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களது வாதம் பல இடங்களில் வலிமையானது என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆயினும் யூன் 7ஆந் திகதிக்குப் பின்னர் ஸ்கைலாப் ஆய்வுகூடமாக இயங்கியது, ஒரு வைத்தியர் தம் கயிற்றைக் குறுக்கிக் கட்ட நினைத்தமையினாலேயே. அந்நினைவை முன்கூட்டி எந்தப் பொறியிலும் பதித்து வைத்திருக்க முடியாது.

இனி, விஞ்ஞானி தாமே ஆய்வுப்பொருளாகிய நிலையை நோக்குவோம். உடலின் தாதுப்பொருட் சமநிலையை அறிவதற்காக, ஒவ்வொருவரும் உண்டதும் பருகியதும் அளக்கப்பட்டன. மிச்சம் விட்டதும் குறிக்கப்பட்டது. வெளியேறிய சிறுநீரின் அளவு நாள்தோறும் அறியப்பட்டு, அதன் மாதிரி உறையவைக்கப்பட்டது. மலம் வெற்றிடத்தில் உலர்த்தப்பட்டுத் தரைக்குக் கொண்டுவரப்பட்டது. பயணத்துக்கு மூன்று வாரங்கள் முன்னரே இவ்வுணவுக் கட்டுப்பாடு தொடங்கித் திரும்பிய பின்னரும் நீடித்தது. குருதி எடுக்கப்பட்டது. கால்களைச் சூழ்ந்த பீப்பா ஒன்றில் அமுக்கத்தைக் குறைத்து, குருதி கீழே இழுக்கப்படும்போது இதயம் எவ்வாறு ஈடுகொடுக்கின்றது என்பது சோதிக்கப்பட்டது. சுழலும் நாற்காலியில் இருத்தித் தலையை அங்குமிங்கும் அசைக்கச் செய்து, உட்செவியின் நிலை ஆராயப்பட்டது. இவ்விறுதிச் சோதனையில் வியப்புக்குரிய முடிபொன்று கிடைத்தது. முதற் சில நாள்கள் கழிந்ததும், தரையிற் குமட்டலை உண்டாக்கிய அதே சுழற்சி விண்ணில் அவர்களைச் சற்றும் பாதிக்கவில்லை.

கண்ணாடியிற் பார்த்தவர்கள் தம் முகம் வீங்கியிருப்பதையும் கால்கள் மெலிந்திருப்பதையும் கண்டனர். கீழே இழுக்கும் ஈர்ப்பு உணரப்படாமையால் உடலின் பாய்மங்கள் மேனோக்கிப் பெயர்ந்தமையே காரணம். முள்ளந்தண்டு நீண்டு உயரம் சற்றுக் கூடியது. செங்குருதிக்கலங்கள் குறைந்தன. சிறுநீரில் வெளியேறிய கல்சியம் கூடியது. உடலைத் தாங்கும் வேலை இல்லாதபோது என்பு தன் கனிப்பொருளை இழக்கத் தொடங்குகின்றது என்பதற்கு இது தெளிவான சான்று. இவ்விழப்பு நாள் செல்லச் செல்லத் தானாக நின்றுவிடும் என்பதற்கு அறிகுறி காணப்படவில்லை. தசையைப் பொறுத்தவரை நிலை வேறு. முதற் குழு நாளொன்றுக்கு அரை மணி நேரமும், இரண்டாவது குழு ஒரு மணி நேரமும், மூன்றாவது குழு ஒன்றரை மணி நேரமும் உடற்பயிற்சி செய்தன. மூன்றாவது குழுவினருக்குத் தோண்டன் மிக எளிய ஒரு கருவியை அனுப்பினார். வழுக்கும் தெப்லன் பூசிய தட்டொன்றும், உடலைத் தட்டை நோக்கி இழுக்கும் மீள்தன்மைக் கயிறுகளும் மட்டுமே அதிலிருந்தன. அத்தட்டின் மேல் வழுக்கி வழுக்கி நடப்பது மலையேறுவதை ஒத்தது. 84 நாள்கள் தங்கிய குழு, 28 நாள்களே தங்கிய குழுவிலும் நல்ல கால்வலிமையோடு திரும்பியது. பெருஞ்செலவில் ஆக்கிய கருவிகள் நிறைந்த நிலையத்தில், மிகுந்த பயன் தந்தவற்றுள் ஒன்று ஒரு தட்டும் சில கயிறுகளும் என்பது கருதத்தக்கது.

அன்றாட வாழ்வைப் பற்றியும் சிறிது கூறுவோம். சுவரில் நிமிர்த்திக் கட்டிய பைகளுள் உறங்கினர்; மேல், கீழ் என்ற வேறுபாடு இல்லாத இடத்தில் நிமிர்ந்து உறங்குவதும் படுத்து உறங்குவதும் ஒன்றே. முக்கோணத் துளைகளாலான தளத்திற் சப்பாத்தின் அடியிலுள்ள முக்கோணக் கட்டையைச் செருகித் தம்மை நிறுத்திக்கொண்டனர். நீராடுதற்குத் துணியாலான உருளை ஒன்று இருந்தது. நீராடுவதிலும் பார்க்க, மிதந்து திரியும் நீர்த்துளிகளை உறிஞ்சி எடுப்பதற்கே கூடிய நேரம் சென்றது. நிலையத்தினுள் வளியின் அமுக்கம் தரையில் உள்ளதன் மூன்றிலொரு பங்கே ஆகையால் குரல் தொலைவு செல்லவில்லை. எல்லோரும் விரும்பிய இடம் உணவறையின் யன்னல். ஓய்வு கிடைத்த போதெல்லாம், கீழே கடந்துசெல்லும் கடலையும் நிலத்தையும் பார்த்தவண்ணம் இருந்தனர் என்று அவர்கள் அனைவருமே கூறியுள்ளனர்.

இரண்டாவது குழுவோடு இரு சிலந்திகளும் சென்றன. பாடசாலை மாணவி ஒருத்தி முன்வைத்த பரிசோதனை அது. தன் நிறையை உணராத சிலந்தி வலை பின்னுமா என்பதே அவள் எழுப்பிய வினா. அரபெல்லா எனப் பெயரிட்ட சிலந்தி முதலில் ஒழுங்கற்ற இழைகளை இழுத்துத் தடுமாறியது. சில நாள்களில் தரையிற் பின்னும் வலையைப் போன்றதொன்றைப் பின்னியது. அதே நாள்களில் அக்குழுவின் அலன் பீன், கரியற், ஜாக் லௌஸ்மா ஆகிய மூவரும் முதலிற் குமட்டலால் வருந்திப் பின்னர் தேறி, 59 நாள்களில், திட்டமிட்டதிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலையை முடித்திருந்தனர். மேலும் வேலை தருக என அவர்களே கேட்டனர். நற்பணியான இதுவே அடுத்து வந்தவர்களுக்கு இடராயிற்று.

1973 நவம்பர் 16ஆந் திகதி சென்ற ஜெரல்ட் கார், கிப்சன், வில்லியம் போக் ஆகிய மூவரும் முன்னர் விண்ணிற் சென்று பழகாதவர்கள். சென்ற நாளன்றே போக் வாந்தியெடுத்தார். அதனைத் தரைக்கு அறிவியாது விடலாமெனத் தமக்குள் பேசினர். ஆனால் கலத்தின் ஒலிப்பதிவு நாடா ஓடிக்கொண்டிருந்தது. நாடாவைக் கேட்டவர்கள் அறிந்தனர். விண்வீரர்களின் தலைவரான அலன் ஷெப்பேட் பலரும் கேட்க அவர்களைக் கண்டித்தார். தம் செயல் தவறென்பதைக் கார் ஒப்புக்கொண்டார். உடற்கூற்று ஆய்வின் பொருளாகத் தம்மை ஒப்படைத்தவர்கள் நோயை மறைத்தல் தகாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தம் உரையாடல் ஒவ்வொன்றும் பிறராற் கேட்கப்படும் வீட்டில் வாழ்வதன் சுமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தரையிலிருந்து திட்டமிட்டோர், இரண்டாவது குழு இறுதி வாரங்களில் எட்டிய வேகத்தை மூன்றாவது குழுவின் தொடக்க வேகமாக வைத்தனர். பணிகள் நிமிடக் கணக்கில் வகுக்கப்பட்டன. தொலையச்சுப் பொறி நாள்தோறும் நீண்ட தாள்களைக் கட்டளைகளாக வெளித்தள்ளியது. ஒரு பரிசோதனை முடிந்ததும் கருவியைக் கழற்றி வைக்கவோ, அடுத்த கருவியிருக்கும் இடத்துக்கு மிதந்து செல்லவோ நேரம் ஒதுக்கப்படவில்லை. ஒன்றிற் பிந்தினால் அடுத்ததிலும் பிந்தினர், பிந்தியதால் விரைந்தனர், விரைந்ததால் தவறினர். உணவு வேளையும் ஓய்வுநாளும் கரைந்தன. ஆய்வாளரான கிப்சனுக்கு இது தனிப்பட்ட வேதனை. நோக்குவதற்கும் சிந்திப்பதற்கும் என அனுப்பப்பட்ட ஒருவர், ஆளி அமுக்கும் கையாக மாறிக்கொண்டிருந்தார்.

இதன்மேல் எழுந்த கதை ஒன்று பரவலாக அறியப்பட்டது. விண்வீரர் மூவரும் வேலைநிறுத்தம் செய்து, வானொலித் தொடர்பை ஒரு நாள் முழுவதும் துண்டித்தனர் என்பதே அக்கதை. முகாமைத்துவ வகுப்புகளிலும் இது பாடமாகச் சொல்லப்பட்டதுண்டு. கதை சுவையானது, உண்மையன்று. தரையோடு பேசும் பொறுப்பை மூவரும் முறைவைத்து ஏற்றிருந்த வேளையில், கவனக்குறைவால் ஒரு முறை தொடர்பு தவறியது. பின்னர் ஊதிப் பெருக்கப்பட்டது அதுவேயாகும். நிகழ்ந்தது வேறு. கார் தம் குறைகளை ஒலிப்பதிவு செய்து தரைக்கு அனுப்பினார். தரையிலேயே எவரும் 84 நாள்கள் தொடர்ந்து நாளுக்குப் பதினாறு மணி நேரம் உழைப்பதில்லை, விண்ணில் மட்டும் அவ்வாறு எதிர்பார்ப்பது எங்ஙனம் என்பது அவர் வாதத்தின் சாரம். டிசம்பர் 30ஆந் திகதி இரு பகுதியினரும் வானொலி வழியே மனந்திறந்து பேசினர். விண்வீரர் தம் வருத்தங்களைச் சொன்னார்கள். தரையிலிருந்தோரும் தம் வருத்தங்களைச் சொன்னார்கள். அதன்பின் உணவு வேளையிலும் மாலையிலும் வேலை இடுவது நிறுத்தப்பட்டது. துப்புரவு போன்ற அன்றாடப் பணிகள் நேரங்குறியாது ஒரு பட்டியலில் இடப்பட்டு, இயன்றபோது செய்துகொள்ள விடப்பட்டன. வேலையின் அளவு குறையவில்லை. எஞ்சிய வாரங்களில் அவர்கள் இரண்டாவது குழுவுக்கு ஈடாகப் பணியாற்றினர்.

வேலைநிறுத்தக் கதையை யாம் மறுப்பது வீரர்களின் நற்பெயருக்காக மட்டுமன்று. தொழிலாளர் மறுத்தனர், முதலாளி இறங்கினார் என்று சொல்லும்போது, நிகழ்ந்ததன் முக்கிய கூறொன்று மறைந்துவிடுகின்றது. ஆய்வாளரின் நேரத்தை அளக்கத் தரையிலிருந்தோர் கையாண்ட அளவுகோலே பிழையானது. உடற்கூற்றை அத்துணை நுட்பமாக அளந்தவர்கள், மனிதர் புதியதோர் இடத்துக்குப் பழகுவதற்கு வேண்டிய நேரத்தை அளக்கத் தவறினர். அரபெல்லாவுக்குச் சில நாள்கள் வழங்கப்பட்டன. கார் குழுவினருக்கு வழங்கப்படவில்லை.

அவ்வுரையாடலின் பின் வந்த வாரங்களில் கிப்சன் செய்த பணி ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். சூரியச் சுவாலை ஒன்றை அது பிறக்கும் கணத்திலிருந்து படமெடுக்க ஆய்வாளர் நெடுநாள் விரும்பினர். எச்சரிக்கை ஒலித்தபின் கருவியை இயக்கினால் தொடக்கம் தவறிவிடும். முன்கூட்டியே இயக்கினால், எண்ணி வைக்கப்பட்ட படச்சுருள் வீணாகிவிடும். எப்போது இயக்குவது என்பதை நூலறிவும் கண்ணும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். கிப்சன் திரைமுன் அமர்ந்து, சூரியனில் ஒளிமிக்க பகுதியொன்றை நெடுநேரம் கவனித்திருந்தார். 1974 சனவரி 21ஆந் திகதி அவ்விடத்தில் ஒரு புள்ளி தெளிவாக ஒளிர்வதைக் கண்டு கருவிகளை இயக்கினார். சுவாலை ஒன்றின் எழுச்சி முழுவதும் அவ்வாறு பதிவாயிற்று. மூன்று குழுக்களும் சூரியனை எடுத்த படங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. எக்ஸ் கதிர்ப் படங்களில் சூரியனின் கொரோனாவில் இருண்ட பரப்புகள் தெளிவாகக் காணப்பட்டன. கொரோனாத் துளைகள் என வழங்கும் அவற்றிலிருந்தே வேகமிக்க சூரியக்காற்று புறப்படுகின்றது என்பது இவற்றைக் கொண்டு உறுதியாயிற்று.

கொஹூற்றெக் வால்வெள்ளியையும் அக்குழுவே கண்டது. 1973 டிசம்பர் 28ஆந் திகதி அது சூரியனுக்கு மிக அண்மையிற் சென்றது. தரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். மறுநாள் நிலையத்துக்கு வெளியே சென்றிருந்த காரும் கிப்சனும், வாலோடு கூடச் சூரியனை நோக்கி நீண்ட கூர்முனை ஒன்றையும் கண்டனர். கிப்சன் அதனைக் கையால் வரைந்தார். எட்டுக் கருவிகள் பூட்டிய நிலையத்திலிருந்து வந்த அறிவியற் பதிவுகளுள் அந்தக் கைச்சித்திரமும் ஒன்று.

இன்று புவியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் தொடக்கம் இடையறாது மனிதர் வாழ்ந்து வருகின்றனர். அங்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கென ஒதுக்கப்படுகின்றது. மீள்தன்மைப் பட்டிகள் உடலைக் கீழே இழுக்க, இயங்கு தளத்தில் ஓடுகின்றனர். நேரங்குறியாத வேலைப் பட்டியலும் அங்கு உண்டு. என்பின் இழப்போ இன்னும் முற்றாகத் தீர்க்கப்படாத சிக்கலாகவே இருக்கின்றது.

ஸ்கைலாப்பை விட்டு 1974 பெப்ரவரி 8ஆந் திகதி புறப்படுமுன், கார் குழுவினர் தம் கலத்தின் பொறிகளை இயக்கி நிலையத்தைச் சில கிலோமீற்றர் உயர்த்தி வைத்தனர். உணவு, உடை, படச்சுருள் முதலியவற்றின் மாதிரிகளை ஒரு பையிலிட்டு, பின்னர் எவரேனும் வந்தால் எடுத்து ஆராயும்படி வாயிலருகே விட்டுச் சென்றனர். எவரும் செல்லவில்லை. அடுத்த ஆண்டுகளில் சூரியனின் செயற்பாடு எதிர்பார்த்ததிலும் மிகுந்தது. அதன் வெப்பத்தால் மேல்வளிமண்டலம் விரிந்து நிலையத்தின் வேகத்தைத் தடுத்தது. சூரியனை ஆராய்ந்த கூடத்தைச் சூரியனே கீழிறக்கிற்று. 1979 யூலை 11ஆந் திகதி அது சிதறி இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தது. வாயிலருகே வைத்த பையும் அதனோடு போயிற்று.